காணாமல் போன எண்ணூறு கிராம்

ஜனவரி 6, திங்கள்

கம்பெனி டைரி வந்துவிட்டது. இந்த வருடம் பச்சை அட்டை. பிளாண்டில் நடப்பதை எழுத லாக் புத்தகம் இருக்கிறது. அதில் கட்டம் இல்லாத விஷயங்களை இதில் எழுதுவது எனக்குப் பதினோரு வருடப் பழக்கம்.

முதல் லோடு தாது இன்று வந்து இறங்கியது. மட்டமான சரக்கு. நூறு கிலோவில் இருபத்தெட்டு கிலோதான் மாங்கனீசு. மிச்சமெல்லாம் மண், இரும்பு, துளியூண்டு கோபால்ட்டும் நிக்கலும். உருக்காலைக்காரர்கள் இதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நாங்கள் இதை மாவாக அரைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, உலோகத்தைக் கரைசலுக்குக் கொண்டுவரப் போகிறோம். வெறும் அமிலத்துக்கு இந்த மாங்கனீசு மசியாது. கூடவே இனிப்பும் வேண்டும். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகைச் சேர்த்துக் காய்ச்சினால்தான் கரையும். தொட்டிப் பக்கம் போனால் மிட்டாய்க் கடை வாசனை அடிக்கிறது.

நிர்வாக இயக்குநர் கிருபாகரன் சார் சென்னையிலிருந்து வந்திருந்தார். ஒரு வருடம் தந்திருக்கிறார். இந்தச் சின்ன பிளாண்டில் போட்ட உலோகமும் எடுத்த உலோகமும் ஒத்துப்போனால் பெரிய ஆலை கட்டுவார்களாம். "அதுக்கு நீங்கதான் ஹெட், ஆவுடைநாயகி" என்றார். பிறகு மறந்துவிடுவார் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அரவைக்கு மந்திரமூர்த்தி என்பவரைப் போட்டிருக்கிறார்கள். முப்பத்தெட்டு வயது. இதற்கு முன் உப்பு அரைக்கும் மில்லில் இருந்தவர். வாய் ஓயாது. நல்லவேளை, கையும் ஓயாது.

வீட்டில் மோட்டார் ஓடவில்லை. லாரித் தண்ணீருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 22, புதன்

எட்டு பேட்ச் முடிந்தது. மனசு சரியில்லை.

ஒவ்வொரு பேட்சிலும் உள்ளே போவது இருபத்தெட்டு கிலோ மாங்கனீசு. கரைசலில் இருப்பதையும் கடைசியில் வடிகட்டியில் மிஞ்சும் சக்கையில் இருப்பதையும் கூட்டினால் இருபத்தேழு புள்ளி இரண்டு. எண்ணூறு கிராம் எங்கே போகிறது? ஒரு பேட்சில் என்றால் கைப்பிழை. எட்டிலும் அதே எண்ணூறு என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. நுரை பொங்கி வழிந்ததா என்று தொட்டியைச் சுற்றித் தரையைத் துடைத்து, துடைத்த தண்ணீரைக்கூட சோதித்துவிட்டேன். வடிகட்டித் துணியை அலசிப் பார்த்தேன். அங்கெல்லாம் ஒன்றும் இல்லை.

கிருபாகரன் சார் போனில், "தொண்ணூத்தேழு பர்சென்ட் பரவாயில்லையே" என்றார். எனக்குப் பரவாயில்லை என்று விட முடியவில்லை. வீட்டில் பருப்பு டப்பாவில் ஒரு பிடி குறைந்தாலே கண்டுபிடித்துவிடும் ஆள் நான்.

ஜனவரி 30, வியாழன்

கிடைத்தது! கண்டுபிடித்தது நானில்லை, மந்திரமூர்த்தி.

அரவை அறையில் மில்லுக்கு மேலே தூசி உறிஞ்சும் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது. உறிஞ்சுவது ஒரு நீளத் துணிப்பையில் போய்ச் சேரும். அந்தப் பையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு லேபுக்கு வந்தார்.

"மேடம், நீங்க தேடுத ஆளு இதுக்குள்ள இருக்கானான்னு பாருங்க" என்றார்.

உள்ளே கண்மை மாதிரி வழவழவென்று கறுப்புத் தூள். சோதித்தேன். நாற்பத்தாறு சதவீதம் மாங்கனீசு. யோசித்தால் நியாயம்தான். தாதுவில் மாங்கனீசுள்ள பகுதி மிருதுவானது, அதுதான் முதலில் பொடியாகும். மில்லைத் திறந்து கொட்டிச் சலிக்கும்போது அந்த நைசான பொடியைத்தான் ஃபேன் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மண்ணை எனக்கு விட்டுவிட்டு உலோகத்தை அது எடுத்துக்கொண்டது.

மந்திரமூர்த்திக்குக் கேன்டீனில் வடை வாங்கிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

இரண்டு வழி இருக்கிறது. பேட்ச் முடிந்ததும் பையைக் கழற்றி உதறி, நிறுத்து, அந்தப் பேட்சிலேயே சேர்ப்பது ஒன்று. அதற்கு நாற்பது நிமிடம் ஆகும். உதறினாலும் பாதி துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். கொட்டிச் சலிக்கிற நேரம் மட்டும் ஃபேனை நிறுத்திவிட்டு, கதவு ஜன்னலைச் சாத்தி, தூசி அடங்கியதும் பிரஷ்ஷால் கூட்டி எடுத்துவிடுவது இன்னொன்று. அது சுலபம்.

இரண்டாவதைச் செய்யச் சொன்னேன். மாஸ்க் கொடுத்திருக்கிறேன். அவர் துண்டுதான் கட்டுகிறார், மாஸ்க்கில் மூச்சு முட்டுகிறதாம்.

"லாக்ல ஃபேன் ஆஃபுன்னு எழுதவா மேடம்?"

"வேண்டாம். எழுதினா பாதுகாப்பு ஆலோசகர் வந்து நூறு கேள்வி கேப்பாவ. ஒரு மாசச் சோதனைதான்."

"மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

பிப்ரவரி 5, புதன்

தொண்ணூற்றொன்பது புள்ளி மூன்று.

பிப்ரவரி 14, வெள்ளி

ஐந்து பேட்ச். 99.3, 99.1, 99.4, 99.3, 99.2. இதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது, மறைப்பானேன். மந்திரமூர்த்தி பேட்ச் நம்பரோடு அந்தச் சதவீதத்தையும் அரவை அறைக் கதவில் சாக்பீஸால் எழுதிவைக்கிறார். பள்ளிக்கூடத்தில் முதல் ராங்க் வாங்குகிறவன் போல ஒரு நடை வேறு. "நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது. நம்ம குடும்பத்துல எவனும் எடுத்ததில்ல" என்று கேன்டீனில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

மோட்டார் சரியாகிவிட்டது. வால்வில் மண்.

மார்ச் 19, புதன்

கழிவுப்பாகை ஒரேயடியாக ஊற்றிவிட்டார்கள். தொட்டி பொங்கிப் படிவரைக்கும் பழுப்பு நுரை. நானும் முழங்கால் பூட்ஸோடு இறங்கிக் கழுவினேன். சேலை போனது போனதுதான்.

ஒரு மாசச் சோதனை என்று சொன்னது முடிந்துவிட்டது. எண் நன்றாக வரும்போது எதற்கு மாற்ற வேண்டும்?

மே 8, வியாழன்

வெயில் தாங்கவில்லை. அரவை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எப்படித்தான் நிற்கிறாரோ. கதவைத் திறந்ததும் புகை மாதிரி கறுப்பாக வெளியே வருகிறது, அதற்குப் பின்னால் மந்திரமூர்த்தி. பல் மட்டும் வெள்ளை. இரண்டு கிளாஸ் மோர் கொடுத்தனுப்பினேன்.

ராத்தூக்கம் இல்லை என்கிறார். வெயிலில் யாருக்குத்தான் தூக்கம்.

கோபால்ட், நிக்கலையும் சல்ஃபைடாகப் பிரித்துவிட்டோம். அழுகிய முட்டை நாற்றம் தலைமுடியில் ஏறிக்கொண்டது. சீயக்காய் இரண்டு தடவை.

ஜூன் 17, செவ்வாய்

கிருபாகரன் சார் முதலீட்டாளர்கள் மூன்று பேரோடு வந்தார். நான் பேசிக்கொண்டிருக்கும்போது மந்திரமூர்த்தி ஓரமாக நின்று சிரித்தார். சிரிக்க ஒன்றுமே இல்லை. நிறுத்தவும் இல்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "ஏன் சிரிச்சேன்னு தெரியல மேடம், மன்னிச்சிருங்க" என்றார். எல்லாருக்கும் முன்னால் எனக்கு மானம் போயிற்று.

முதலீட்டாளர்களுக்கு 99.3 பிடித்துவிட்டது. அதைத்தான் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

ஜூலை 21, திங்கள்

லாக் புத்தகத்தில் மந்திரமூர்த்தியின் கையெழுத்து எறும்பு சைஸுக்கு வந்துவிட்டது. வரி ஆரம்பத்தில் ஓரளவு படிக்க முடிகிறது, முடிவில் கண்ணாடி போட்டாலும் தெரியவில்லை. "காகிதத்தை மிச்சம் பிடிக்கியளோ? பெரிசா எழுதுங்க" என்று சத்தம் போட்டேன். "பெரிசாத்தான் மேடம் எழுத நினைக்கேன்" என்றார். எதிர்வாதம் வேறு.

சதவீதத்தை இப்போது கதவில் எழுதுவதில்லை. கை உயர்த்தச் சோம்பல்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் திருவிழா. ஊருக்கே லீவு. துணி துவைத்தேன், குக்கருக்குப் புது கேஸ்கெட் போட்டேன். அரைப் பகல் தூங்கினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மந்திரமூர்த்தி சரியில்லை. கூப்பிட்டால் மெதுவாகத் திரும்புகிறார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசுகிறார். குரல் வேறு இறங்கிவிட்டது. பழைய வாய்க்கொழுப்பு எங்கே போயிற்று? இன்று படியில் பின்பக்கமாகச் சாய்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டார். கீழிறங்க நாலு படி, பத்து நிமிடம். கேன்டீன்காரர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டினார்.

அதுதான் விஷயம். எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மாதிரிச் சீசா நாலைத் தட்டி உடைத்துவிட்டார். ஒரு வாரத்து வேலை. மெமோ கொடுத்தேன். "பணி நேரத்தில் மது அருந்தியவர் போல் நடந்துகொண்டார்" என்று எழுதினேன். கிருபாகரன் சார் போனில், வாசனை வந்ததா என்று கேட்டார். வந்ததாகத்தான் ஞாபகம்.

மெமோவை மந்திரமூர்த்தி வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மில், தொட்டி, பம்ப், வடிகட்டி எல்லாம் கழுவித் துடைத்து மாலை போட்டாயிற்று. அரவை அறைக்குப் பொட்டு வைப்பது மந்திரமூர்த்தியின் வேலை. சந்தனம் வைக்க முடியவில்லை. விரல் மில்லைத் தொடும் முன்னால் ஆடி, ஆடி, தட்டில் இருந்த குங்குமம் முழுக்கத் தரையில் கொட்டியது. கிருபாகரன் சார் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூஜை அன்னிக்குமா?" என்றார் என்னிடம்.

மாலையே சஸ்பெண்ட் ஆர்டர் டைப் ஆகிவிட்டது. என் மெமோவைத்தான் காரணமாகப் போட்டிருக்கிறார்கள். பொரியும் கடலையும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

மந்திரமூர்த்தியின் மனைவி உலகம்மாள் பிளாண்ட் வாசலுக்கு வந்திருந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. நின்றபடியே பேசினார்.

"மேடம், அவிய குடிக்க மாட்டாவ. கல்யாணமாயி பதினாலு வருசம், ஒரு நாள் தொட்டதில்ல. எங்க மாமனார் குடிச்சே செத்தாவ, அதனால இவியளுக்கு அந்த வாடையே ஆகாது. நீங்க எப்படி மேடம் எழுதுனிய?"

"நடக்கிற நடை அப்படி இருந்துச்சும்மா" என்றேன்.

"நடை இருந்துச்சு. வாடை இருந்துச்சா?"

திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் காட்டச் சொன்னேன். டாக்டர் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து குளிச்சா தண்ணி கறுப்பாத்தான் போவுது. தை கடைசியில இருந்து தலையணை உறையும் கறுப்பு" என்றார். ஒரு தகவல் போலத்தான் சொன்னார்.

தை கடைசி என்றால் பிப்ரவரி ஆரம்பம்.

அக்டோபர் 9, வியாழன்

பேட்ச் 141. ஃபேனைப் போட்டுத்தான் ஓட்டச் சொன்னேன். புது ஆள் ஏன் என்று கேட்கவில்லை. 97.0.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அக்கா வீட்டுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

உலகம்மாள் டாக்டரின் அறிக்கையை அரசின் தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு ஒரு நகல் வந்தது. மூன்று தடவை படித்தேன்.

தலை ஸ்கேனில் மூளையின் ஆழத்தில் இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரிகிறதாம். ரத்தத்தில் மாங்கனீசு பல மடங்கு. காரணமில்லாத சிரிப்பு, தூக்கமின்மை, எழுத்து சிறுத்துப்போவது, பின்பக்கமாகச் சாய்வது, குரல் தாழ்வது என்று வரிசையாக எழுதியிருக்கிறார். என் டைரியைப் பார்த்து எழுதியதோ என்று தோன்றுமளவுக்கு. சுவாசித்த தூசியால் வந்தது, இனித் தூசியிலிருந்து விலகினாலும் முழுதாகத் திரும்பாது, இன்னும் கூடவும் செய்யலாம் என்று முடிக்கிறார்.

பள்ளிப் பிள்ளை மாதிரி ஸ்கேல் எடுத்து, ஜனவரியில் நான் எழுதிய வரிகளையும் இந்த மாதம் எழுதியதையும் அளந்தேன். என் எழுத்து ஒரே அளவில்தான் இருக்கிறது. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவுக்காக இன்று முழுக்க என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

நாற்பது நிமிடம். பையைக் கழற்றி உதற ஆகும் நேரம் அவ்வளவுதான்.

அக்டோபர் 30, வியாழன்

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

நவம்பர் 3, திங்கள்

கேஸ் சிலிண்டர் மாற்றினேன். மழை. பிளாண்டில் கரண்ட் இல்லை.

நவம்பர் 11, செவ்வாய்

கிருபாகரன் சார் வந்தார். தொழிற்சாலை ஆய்வாளர் டிசம்பர் 9 அன்று விசாரணைக்கு வருகிறாராம். நோய் வேலையால் வந்தது என்று முடிவானால் மந்திரமூர்த்திக்கு ஆயுளுக்கும் சிகிச்சையும் ஓய்வூதியமும் உண்டு. குடி என்றாலோ, சொன்ன விதியை அவரே மீறினார் என்றாலோ, ஒன்றும் கிடையாது.

"லாக்ல ஃபேன் எல்லா நாளும் ஆன்லதான் இருந்திருக்கு" என்றார்.

"லாக்ல அப்படித்தான் இருக்கும் சார். நான்தான் எழுத வேண்டாம்னு சொன்னேன்."

ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும்.

"நீங்க பொய் எதுவும் சொல்ல வேண்டாம், ஆவுடைநாயகி. கேக்காத வரைக்கும் சொல்லவும் வேண்டாம். பெரிய ஆலை வந்தா எண்பது பேருக்கு வேலை. அதையும் யோசிங்க. ஃபேன் ஆஃப்ல எடுத்த எண்ணுன்னு தெரிஞ்சா இந்த வருஷ ரிசல்ட் மொத்தமும் குப்பைக்குப் போயிரும்."

யோசிக்கிறேன் என்று சொன்னேன். நிஜமாகவே யோசித்தேன். அதையும் எழுதிவைக்க வேண்டும். வீட்டுக்கு வரும் வழி முழுக்க எண்பது பேரைப் பற்றித்தான் யோசித்தேன், ஏனென்றால் அது சௌகரியமாக இருந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

மந்திரமூர்த்தி வீட்டுக்குப் போனேன். உப்பளச் சாலையில் ஓட்டு வீடு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார். உலகம்மாள் முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினார். எண்ணினால்தான் கால் கிளம்புகிறதாம். வேண்டாம், உட்காருங்கள் என்றேன்.

டீ வந்தது. அவருக்குப் பாதி டம்ளர்தான் ஊற்றியிருந்தார், சிந்தாமல் இருக்க.

நான் சொல்லிவிட்டேன். பையை உதறியிருக்கலாம், சோம்பல்பட்டு ஃபேனை நிறுத்தச் சொன்னேன், மெமோவில் எழுதியது தெரிந்து எழுதியதில்லை, ஆனாலும் எழுதினேன் என்று. எவ்வளவு பேசினேன் என்று தெரியவில்லை. உலகம்மாள் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். மந்திரமூர்த்தியின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. ரேடியோவில் கடல் எச்சரிக்கை கேட்பவர் மாதிரி இருந்தார்.

பிறகு வாயசைத்தார். குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"இப்பம் எவ்வளவு வருது?"

"என்ன எவ்வளவு?"

"சதவீதம்."

"தொண்ணூத்தேழு" என்றேன்.

"கொறஞ்சிட்டே" என்றார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனேன். அழுதேன். மழை இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

பழைய எண்ணை எடுத்துப் பார்த்தேன். ஃபேன் நிறுத்திய பிறகும் பேட்சுக்கு இருநூறு கிராம் கணக்கில் வரவில்லை. பரிசோதனைப் பிழை என்று நானே எழுதி மூடியிருக்கிறேன். கொஞ்சம் பிழையாகவும் இருக்கலாம். சுவரிலும் கூரையிலும் ஒட்டியிருக்கும். எல்லாமே சுவரில் ஒட்டவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு மீட்டிங் அறையில் விசாரணை. ஆய்வாளர், அவரோடு எழுதுவதற்கு ஒருவர், கிருபாகரன் சார், நான். எதிரே மந்திரமூர்த்தியும் உலகம்மாளும். மந்திரமூர்த்திக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. காலர் பட்டன் வரைக்கும் யாரோ போட்டுவிட்டிருந்தார்கள்.

ஆய்வாளர் நிதானமான மனிதர். முதலில் குடியைப் பற்றிக் கேட்டார். டாக்டர் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அது கெடக்கட்டும்" என்று தள்ளினார். பிறகு மந்திரமூர்த்தியிடம் திரும்பினார்.

"தூசி உறிஞ்ச ஃபேன் இருக்கு. அது ஓடியிருந்தா இவ்வளவு தூசி உங்க உடம்புக்குள்ள போயிருக்காது. ஓடுச்சா, ஓடலியா?"

"ஓடல சார்."

"யார் நிறுத்தினா?"

மந்திரமூர்த்தி என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கண் மட்டும் திரும்பியது.

"நாந்தான் சார். அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. நானாத்தான் நிறுத்துனேன். மேடத்துக்குத் தெரியாது."

உலகம்மாள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். கிருபாகரன் சார் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். எழுதுகிறவர் எழுதினார்.

அந்த ஒரு வாக்கியத்தால் அவருக்குச் சிகிச்சை இல்லை, ஓய்வூதியம் இல்லை. எனக்குப் பெரிய ஆலை. அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். அவருக்கும் தெரியும்.

நான் உடனே மறுத்தேன் என்று எழுத ஆசைதான். உடனே இல்லை. அந்த வரி எழுதி முடிந்து, ஆய்வாளர் தண்ணீர் குடித்து, அடுத்த கேள்விக்காகத் தாளைப் புரட்டினார். அதுவரைக்கும் நான் பேசாமல்தான் இருந்தேன். அவ்வளவு நேரம் அந்த மனிதர் தந்ததை வாங்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அது பொய் சார்" என்றேன். "நிறுத்தச் சொன்னது நான். பிப்ரவரி மூணாம் தேதியிலேருந்து. லாக்ல எழுத வேண்டாம்னு சொன்னதும் நான். ஆகஸ்ட்ல குடிச்சிருந்த மாதிரின்னு மெமோ எழுதினதும் நான். எனக்கு எந்த வாசனையும் வரல."

"எதுக்காக நிறுத்தச் சொன்னீங்க?"

"நம்பர் நல்லா வரணும்னு."

ஆய்வாளர் என் அடையாள அட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, "இதை உங்க கையாலேயே எழுதிக் கொடுங்க" என்றார். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கை நடுங்கவில்லை. கிருபாகரன் சார் நான் எழுதி முடிப்பதற்குள் எழுந்து வெளியே போய்விட்டார்.

மந்திரமூர்த்தியின் வாக்குமூலத்தை அடித்துத் திருத்தி எழுதி, அவர் முன்னால் வைத்தார்கள். கையெழுத்துப் போட ஏழு நிமிடம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

வெளியே மழை விட்டிருந்தது. கேட்டுக்கு அந்தப்பக்கம் ஆட்டோ நின்றது. உலகம்மாள் அவரை ஏற்றி உட்காரவைத்தார். நான் அருகில் போய் நின்றேன். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். நன்றியை எதிர்பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவர் நேரே டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமைதியான முகம். எல்லாம் முடிந்த நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒடம்பப் பாத்துக்கிடுங்க மந்திரமூர்த்தி" என்றேன்.

உலகம்மாள் எட்டி அவர் முகத்தைப் பார்த்தார். முழங்காலில் ஆடிக்கொண்டிருந்த அவருடைய வலது கையையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கோவமா இருக்காவ மேடம்" என்றார். "பிளாண்ட மூடிருவாவல்லா, அதுக்கு. ரொம்பக் கோவம். இப்பம்லாம் மூஞ்சில எதும் தெரியாது. நாந்தான் சொல்லணும்."

ஆட்டோ கிளம்பியது. நான் உள்ளே போய் என் மேஜையைக் காலி செய்தேன்.